பொன்மணி பஸ் ஏறிய வெள்ளிக்கிழமை

பொன்மணி ஜெயித்தவை இவை. பிறந்தபோது ஒன்றேகால் கிலோதான் இருந்தாள். மூன்று நாள் தாங்காது என்று நர்சம்மா வைத்த கெடுவை ஜெயித்தாள். ஒன்பது வயதில் தேவதானம் கண்மாயில், அக்கரையை முதலில் தொடுகிறவருக்கு ஒரு படி கடலை என்று பந்தயம் கட்டிய நான்கு பையன்களை நீந்தி ஜெயித்தாள். பையன்கள் கடலையைத் தரவில்லை. ஒரு வாரம் அவர்கள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து அதையும் வாங்கினாள். புருசன் போன பிறகு அவனுடைய பங்காளிகள் வளைத்துக்கொண்ட இரண்டரை செண்டு மனைக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு ஏழு வருசம் நான்கு மாதம் வாய்தாவுக்கு நடந்தாள். மூன்று வக்கீல் மாறினார்கள், இரண்டு ஜட்ஜ் மாறினார்கள், அவள் மாறவில்லை, மனை வந்தது. 2019இல் மில் ஆண்டு விழாவில் இசை நாற்காலிப் போட்டி நடந்தது. கடைசி நாற்காலிக்கு ஜெனரல் மேனேஜரின் சம்சாரமும் இவளும் நின்றார்கள். பொன்மணி உட்கார்ந்தாள். பரிசு எவர்சில்வர் டிபன் கேரியர். மறுநாள் டீயில் சீனி குறைவு என்று ஜெனரல் மேனேஜர் சொன்னார். சீனி சரியாகத்தான் இருந்தது.

இந்தக் கணக்கை வைத்திருப்பவர் அவள் அண்ணன் சமுத்திரம். எட்டாவது வரை படித்தவர். ராணுவத்தில் இருபத்து நான்கு வருசம் ஸ்டோரில் இருந்து, பொத்தானைக்கூட எண்ணி வாங்கி எண்ணிக் கொடுத்துப் பழகியவர். தங்கச்சி ஜெயித்ததில் ஐந்தாவதாக ஒன்று உண்டு என்பார். அதில் தோற்றவர்களில் அவரும் ஒருவர் என்பதால், தொண்டையைச் செருமிக்கொண்டுதான் அதைச் சொல்லத் தொடங்குவார்.

பொன்மணிக்கு வேலை ராஜபாளையம் மலையடி ஸ்பின்னிங் மில்லின் கேண்டீனில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே போர்டு மீட்டிங் கூடும். அந்த அறைக்கு டீ கொண்டு போகிறவள் அவள்தான். மீட்டிங்குக்கு முந்தின வாரமே எம்.டி.யும் கணக்குப் பார்ப்பவர்களும் அதே அறையில் உட்கார்ந்து லாப நட்டத்தைப் பேசித் தீர்த்துவிடுவார்கள். அங்கே ஃபேன் சுற்றுவதும் பொன்மணி தட்டோடு சுற்றுவதும் ஒன்றுதான். யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ரொம்ப ரகசியமான தொகை என்றால் மட்டும் தெலுங்குக்கு மாறிக்கொள்வார்கள். பொன்மணி முப்பது வருசமாகத் தெலுங்கு பேசுகிற தெருவில் குழாயடிச் சண்டை போட்டு வருகிறவள்.

அந்த மில்லின் ஷேரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், விற்கலாம். லாபம் என்று அறிவிப்பு வந்தால் விலை ஏறும், நட்டம் என்றால் இறங்கும். அறிவிப்பு வருவதற்கு முன்னால் உள்ளே இருப்பவர்கள் அதை வெளியே சொல்லக் கூடாது, அதை வைத்து வாங்கவோ விற்கவோ கூடாது. சட்டமே அப்படி. கேண்டீன் சுவரில்கூட ஒட்டியிருந்தார்கள்: உள் விவரம் யார் வாயிலிருந்து வெளியே போனாலும் அவர் வேலை போகும். பொன்மணிக்கு ஓய்வு பெற நான்கு வருசம் இருந்தது. வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான்.

அவள் வாயிலிருந்து ஒன்றும் போகவில்லை. போனதெல்லாம் பால்கோவா வழியாகத்தான்.

மில்லில் ஒரு வழக்கம். நல்ல லாபம் வந்த மூன்று மாதத்துக்கு, தொழிலாளி அறுநூற்று நாற்பது பேருக்கும் ஆளுக்குக் கால் கிலோ ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. சுமாரான லாபம் என்றால் மிக்சர். நட்டம் என்றால் வெறும் டீ. நூற்று அறுபது கிலோவை நின்ற நிலையில் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பாலைக் காய்ச்சிச் சுண்ட வைக்க அவர்களுக்கு நாள் வேண்டும். அதனால் அறிவிப்புக்கு நாலைந்து நாள் முன்னதாகவே பொன்மணி பஸ் ஏறிப் போய், முன்பணம் கொடுத்து, எம்.டி. ருசி பார்க்க அரைக் கிலோ மாதிரியும் வாங்கி வருவாள். போனில் சொன்னால் போதாதா என்றால் போதாது. ஒருமுறை போனில் சொல்லி, தித்திப்பு திகட்டி, யூனியன்காரர்கள் அதற்கும் ஒரு கோரிக்கை வைத்துவிட்டார்கள்.

இந்த வழக்கத்தை மோப்பம் பிடித்தவன் வினோத். பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் ஷேர் ஆபீஸ் நடத்துகிற இளவட்டம். அவனிடம்தான் சமுத்திரம் மலையடி மில் ஷேர் அறுநூறு வாங்கி வைத்திருந்தார், ஒன்று ஐம்பத்திரண்டு ரூபாய்க்கு. 2025 ஜூலையில் அது முப்பத்தாறில் கிடந்தது.

ஜூலை 20 ஞாயிற்றுக்கிழமை. சமுத்திரம் தங்கச்சி வீட்டுக்குச் சாப்பிடப் போனார். மீன் குழம்பு.

"ஏட்டி பொன்மணி, மில்லு எப்படிப் போகுது?"

"சங்கு ஊதுனா உள்ள போறோம், சங்கு ஊதுனா வெளிய வாறோம். நல்லாத்தான் போகுது."

"அதில்லட்டி. இந்த மட்டம் லாபமா, நட்டமா?"

"மீனு வேகலையோ?"

"மீனு நல்லா வெந்துருக்கு."

"அப்பச் சாப்புடு."

சமுத்திரம் இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒம் வாயால சொல்ல வேண்டாம். நா ஷேரை விக்கணும்னா இன்னொரு துண்டு மீனு வையி. வச்சிருக்கணும்னா குழம்பு ஊத்து. அம்புட்டுத்தான்."

பொன்மணி குழம்புச் சட்டியை மூடி அடுப்படிக்குக் கொண்டு போனாள். திரும்பி வரும்போது கையில் ரசம் இருந்தது.

"அண்ணே, பொங்கல் முடிஞ்சு நம்ம தெருவுல ஆடு உரிச்சா கூறு போடுதது யாரு?"

"நாந்தான்," என்றார் சமுத்திரம், சோற்றை விட்டு நிமிர்ந்து. அதில் அவருக்குப் பெருமை உண்டு. பதினேழு வீட்டுக்குப் பதினேழு கூறு. ஒவ்வொரு கூறிலும் ஈரல் ஒரு துண்டு, நெஞ்செலும்பு ஒன்று, கொழுப்பு இத்தனை என்று வாழையிலையில் வைப்பார். தராசில் வைத்துப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போயிருக்கிறார்கள்.

"போட்டுட்டு ஒங்கூறை எப்ப எடுப்ப?"

"எல்லாரும் எடுத்த பொறவு. கூறு போட்டவன் கடைசியாத்தான் எடுக்கணும்."

"ஏன், முதல்ல எடுத்தா என்ன?"

"எந்தக் கூறுல கறி கூட விழுந்துருக்குன்னு எனக்குத்தானட்டி தெரியும்? நா முதல்ல கையை வச்சா மத்தவனெல்லாம் கேனப்பயலா?"

"அந்த ரூமுல கூறு போடுத எடத்துல நா தட்டோட நிக்கேன். ஒனக்குச் சொன்னா நா முதல்ல கையை வச்ச மாதிரிதான்."

"ஆட்டுக்கறியும் ஷேரும் ஒண்ணா?"

"நீ ஷேரை வித்தா வாங்குதவன் யாரு?"

"எவனோ ஒருத்தன். பம்பாயில இருப்பான், பாட்னாவுல இருப்பான். முகமா தெரியும்?"

"அவனுக்கும் ஒரு தங்கச்சி இருப்பா. அவ மில்லுல டீ ஆத்தலை. அம்புட்டுத்தான் வித்தியாசம். ரசம் ஊத்தவா?"

சமுத்திரம் ரசம் குடித்துவிட்டு வந்தார்.

மறுநாள் ஷேர் ஆபீஸில் இதைச் சொன்னபோது வினோத் சிரித்தான். "அண்ணாச்சி, அக்கா சொல்ல வேண்டாம். யாரு கேட்டா? அவிய பஸ் ஏறிப் போயி என்ன வாங்குதாவன்னு பாத்தாப் போதும். பஸ்ஸு பப்ளிக். பஸ் ஸ்டாண்டு பப்ளிக். பப்ளிக்கா தெரியுததைக் கண்ணால பாக்கதுக்கு எவன் தடை சொல்ல முடியும்?"

சமுத்திரத்துக்கு அது நியாயமாகப் பட்டது. அவருக்கு வேண்டிய மாதிரி இருந்ததால் பட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 25, ஆடி வெள்ளி. காலை ஒன்பது பத்துக்குப் பொன்மணி ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சமுத்திரம் பின் வாசலில் ஏறினார். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பின்தொடர்ந்து போகிறவர்களுக்குத்தான் காசு. சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், பக்கத்து சீட்டில் விரித்துப் பிடித்த பேப்பருக்குப் பின்னால் வினோத். அவனுக்குப் பின்னால் பேண்டேஜ் துணி வியாபாரி சுப்புராஜ். கடைசி சீட்டில் கறுப்புக் கண்ணாடி போட்டு ரிட்டையர்ட் ஏட்டு பரிபூரணம். மூவரும் ஷேர் ஆபீஸ் ஆட்கள்.

"எங்க, இம்புட்டுத் தூரம்?" என்று கேட்டார் சமுத்திரம்.

"ஆண்டாளைக் கும்பிடத்தான்," என்றார் சுப்புராஜ்.

"ஏட்டையா நீங்க?"

பரிபூரணம் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "தேரு சோடிக்கதைப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசைடே."

ஆடிப்பூரத் தேருக்கு இன்னும் மூன்று நாள்தான். ஊரே ஜேஜே என்று இருந்தது. பால்கோவாக் கடையில் கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. பொன்மணி வரிசையில் நின்றாள், முன்பணம் வைத்த மஞ்சள் பையை இடுக்கிக்கொண்டு. எதிர்ப் பக்கம் நால்வரும் ஆளுக்கு ஒரு வேலையாக நின்றார்கள். வினோத் மூன்றாவது டீ குடித்தான். பரிபூரணம் வளையல் பார்த்தார். வரிசை நகர்ந்தது. பொன்மணிக்கு முன்னால் இரண்டு பேர்தான் மிச்சம். அப்போது அவள் காற்றுக்காகத் திரும்பினாள்.

துண்டு கட்டிய தலையைப் பார்த்தாள். கூடப் பிறந்தவனின் காது அவளுக்குத் தெரியாதா? அதற்குப் பக்கத்தில் வினோத். வளையல் கடையில் ஏட்டு. விஷயம் புரிந்துவிட்டது. வரிசையை விட்டு வெளியே வந்தாள். ரோட்டைக் கடந்து நேராக இவர்களிடமே வந்தாள்.

"அண்ணே, சாமி கும்பிட்டாச்சா?"

"கூட்டமா இருக்கேன்னு செத்த நேரம் நிக்கோம்."

"ஏட்டையா, வளையலு யாருக்கு?"

"வீட்டுக்கும்மா."

"அது கைப்புள்ளைக்குப் போடுத வளையலு. அவிய மெலிஞ்சு போனாவளோ?"

பரிபூரணம் வளையலைக் கீழே வைத்தார். பொன்மணி ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். மஞ்சள் பை போன மாதிரியே திரும்பிப் போனது.

"அண்ணாச்சி, பால்கோவா சொல்லலை," என்றான் வினோத்.

"சொல்லலை."

"மாதிரிகூட வாங்கலை. வீட்டுக்கு வாங்க நின்னுட்டு, கூட்டத்தைப் பாத்துத் திரும்பிட்டாவ போல; மிக்சரும் சொல்லலை. நட்டம்தான்."

சமுத்திரத்துக்கு ஒரு கணம் வாழையிலையும் பதினேழு கூறும் நினைவுக்கு வந்தன. பஸ்ஸு பப்ளிக் என்று சொல்லி அதை ஓரமாகத் தள்ளினார். பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அறுநூறு ஷேரையும் விற்கச் சொன்னார். நால்வரும் கோபுரத்தைப் பார்த்தபடி நின்று, வினோத்தின் போனிலேயே விற்றார்கள். கோவிலுக்குள் ஒருவரும் போகவில்லை.

பஸ்ஸில் பொன்மணிக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. எதிரே வந்த வண்டிகளுக்கு வழிவிட்டு பஸ் நின்றபோது அந்த நிம்மதி போய்விட்டது. மில்லுக்கு வந்ததும் கேண்டீனுக்குப் போகாமல், கம்பெனி செக்ரட்டரி வெங்கடேஸ்வரி அறைக்குப் போனாள். மில் ரகசியங்களுக்கும் சட்டத்துக்கும் பொறுப்பான பெண், இருபத்தெட்டு வயசு, சிரிக்க மாட்டாள் என்று பெயர்.

"மேடம், நா பால்கோவா சொல்லலை."

"ஏன்க்கா, கடை லீவா?"

"கடை இருக்கு. நாலு பேரு என்னையவே பாத்துக்கிட்டு நின்னாவ. வாங்குனா லாபம்னு தெரிஞ்சிரும், அதான் வாங்காம வந்தேன். பஸ்ல வரும்போதுதான் ஒறைச்சுது. வாங்காம வந்ததும் ஒரு சேதிதான மேடம்? அதும் பொய்ச் சேதி."

வெங்கடேஸ்வரி கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தாள். "இதுக்கு முன்னாடியும் பாத்திருப்பாங்களோ?"

"பாத்துருப்பாவ. நாந்தான் பாக்கலை."

"யாரு அந்த நாலு பேரு?"

பொன்மணி மூன்று பெயரைச் சொன்னாள்.

"நாலாவது?"

"எங்க அண்ணன்."

வெங்கடேஸ்வரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் வைத்தாள். "அக்கா, இதை நான் எழுதியாகணும். எழுதினா, நீங்க அண்ணன்கிட்டச் சொன்னீங்களான்னுதான் முதல் கேள்வி வரும். வேலைக்கே வினையாகலாம். எழுதட்டுமா?"

"எழுதத்தான் வந்தேன் மேடம். நீங்க எழுதுங்க."

செவ்வாய்க்கிழமை போர்டு கூடியது. டீ கொண்டு போனது வேறு ஆள். பொன்மணி பாத்திரம் தேய்க்கிற பக்கம் நிறுத்தப்பட்டிருந்தாள். சாயங்காலம் அறிவிப்பு வந்தது: மூன்று வருசத்தில் இல்லாத லாபம். புதன்கிழமை காலையில் முப்பத்தாறு ரூபாய் ஷேர் நாற்பத்து மூன்றுக்குப் போனது. வினோத் ஆபீஸ் ஷட்டரைத் திறக்கவே இல்லை.

சமுத்திரம் தங்கச்சி வீட்டுக்குப் போன வேகத்தில் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டார்.

"ஏட்டி, ஏன் பால்கோவா வாங்கலை?"

"நீ ஏன் சாமி கும்பிடலை?"

பொன்மணி பூண்டு உரித்துக்கொண்டே நடந்ததெல்லாம் சொன்னாள். சமுத்திரத்தின் கோபம் பாதியில் நின்றது.

"எம் பேரையுமா சொன்ன?"

"மூணு பேரைச் சொல்லிட்டு ஒன்னைய மட்டும் விட்டா அது என்ன நியாயம்?"

"வேலை?"

"வெள்ளிக்கிழமை சொல்லுவாவளாம். போனாலும் போகும்."

அதைச் சொல்லும்போதும் கை பூண்டை விடவில்லை. ஆனால் உரித்த பல்லைத் தொலியோடு போட்டுவிட்டு, தொலியைக் கிண்ணத்தில் வைத்தாள். எதையும் எண்ணிப் பார்க்கிற சமுத்திரத்தின் கண்ணில் அது பட்டது. அப்படி நான்கு பல்.

அன்று ராவெல்லாம் அவருக்குத் தூக்கமில்லை. காலையில் முழுநீளத் தாளில் மார்ஜின் போட்டு, நடந்ததை நேரத்தோடு வரிசையாக எழுதினார். வியாழக்கிழமை யாரும் கூப்பிடாமலே மில்லுக்குப் போய் வெங்கடேஸ்வரியிடம் நீட்டினார். அவள் முழுதும் படித்தாள்.

"கோவிலுக்குன்னு சொல்லித்தான் போயிருக்கீங்க. உள்ள போனீங்களா?"

"இல்லம்மா."

"தங்கச்சிகிட்ட ஷேரைப் பத்திக் கேட்டீங்களா?"

"கேட்டேன். ஞாயித்துக்கிழமை, மத்தியானம் ஒண்ணேகாலுக்கு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ரசம் ஊத்துனா மேடம்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலை. சொல்லியிருந்தா நா எதுக்கு பஸ் ஏறுதேன்? சொல்லியிருந்தா லாபம்னு தெரிஞ்சிருக்கும், விப்பனா? அறுநூறையும் வித்துட்டு நிக்கேன் பாருங்க, அதுதான் மேடம் சாட்சி."

வெங்கடேஸ்வரி தாளை இன்னொரு தரம் பார்த்தாள். சிரிக்க மாட்டாள் என்று பெயர் வாங்கியவள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பஸ்ஸு பப்ளிக்குன்னு எழுதியிருக்கீங்க. பஸ் பப்ளிக்தான் சார். அக்கா அதுல எதுக்குப் போறாங்கங்கிறது பப்ளிக் இல்ல. அது தெரிஞ்ச நாலு பேருக்கும், தெரியாத நாலு லட்சம் பேருக்கும் ஒரே விலையிலதான் ஷேர் விக்குது."

"புரியுது மேடம். கூறு போட்டவன் கதைதான்."

அவளுக்கு அது புரியவில்லை. பதினேழு கூறையும் விளக்கிச் சொல்ல அவருக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. பொன்மணி வேலை போகவில்லை. நால்வர் விவரமும் ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கிற அரசு அலுவலகத்துக்கு எழுதி அனுப்பப்பட்டது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் சமுத்திரம் பதில் எழுதத் தயார், மார்ஜின் போட்ட தாள் வாங்கி வைத்திருக்கிறார். இனிமேல் லாபமோ நட்டமோ, அறிவிப்பு வந்த பிறகுதான் எந்தத் தின்பண்டமும் சொல்லப்படும். அந்தத் தடவை பால்கோவா நான்கு நாள் தாமதமாகச் சனிக்கிழமை வந்தது. யூனியன்காரர்கள் தாமதத்துக்கு முனகிக்கொண்டே தின்றார்கள்.

இன்னொரு முடிவும் இருந்தது. அறிவிப்புக்கு முன்பே விவரம் தெரிந்தவர்கள் என்று மில்லில் ஒரு பட்டியல் உண்டு. எம்.டி., டைரக்டர்கள், கணக்கு அதிகாரிகள், ஆக மொத்தம் பதினான்கு பேர். வெளியே சொல்ல மாட்டேன், அதை வைத்து வியாபாரம் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர்கள். பதினைந்தாவதாக அதில் பொன்மணி பெயர் சேர்ந்தது. வெங்கடேஸ்வரி தாளை வாசித்துக் காட்டிவிட்டு மை டப்பாவைத் திறந்து வைத்தாள். சமுத்திரம் பள்ளிக்கூடம் போன வருசங்களில் பொன்மணி வெள்ளாடு மேய்த்தவள்; அதுவரை எல்லாவற்றுக்கும் கைநாட்டுதான்.

அவள் டப்பாவை மூடினாள்.

"ரேகை போதும்க்கா. சட்டத்துல செல்லும்."

"சம்பளம் வாங்க ரேகை போதும் மேடம். வாக்குக் குடுக்கதுக்குப் பேரு போடணும். மத்தப் பதினாலு பேரும் போட்டுருக்காவல்லா? எனக்குத் திங்கக்கிழமை வரை டைம் குடுங்க."

ரேசன் கார்டில் இருக்கிற தன் பெயரைப் பார்த்து அவளே பழகினாள். கேண்டீனில் ஈரமான டீத் தட்டில் விரலால் எழுதினாள், துடைத்தாள், எழுதினாள். 'பொ'வும் 'ன்'னும் 'ம'வும் சனிக்கிழமைக்குள் வசப்பட்டுவிட்டன. 'ணி'தான் மல்லுக்கு நின்றது. சுழி ஒன்று கூடிப்போகும், இல்லையென்றால் கொக்கி கீழே தொங்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணனைக் கூப்பிட்டுத் தட்டைக் காட்டினாள். சமுத்திரம் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சுழிகளை எண்ணினார். சரியாக இருந்தன. தட்டைத் துடைக்காமல் அப்படியே கீழே வைத்தார்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு, பதினான்கு ஆங்கிலக் கையெழுத்துக்குக் கீழே, ஒரே ஒரு தமிழ்க் கையெழுத்து விழுந்தது. எழுதி முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. பக்கத்தில் இருந்த கட்டத்தில் வெங்கடேஸ்வரி தேதியை எழுதினாள்: 4 ஆகஸ்ட் 2025.